ஒரு தளம் திறக்கவில்லை என்றால் அது பழுதா, முடக்கமா? எப்படித் தெரிந்துகொள்வது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு வட்டம் நடத்துகிறேன். ஊர் நூலகத்தின் பின்னறையில் பதினைந்து இருபது பேர் வருவார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுகிறவர்கள்தான் அதிகம். பழைய வினாத்தாள்களையும் பழைய பள்ளிப் பாடநூல்களையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கும் ஒரு தளத்தை இரண்டு வருடமாக நம்பிப் படிக்கிறோம். போன மாதம் ஒருநாள் அது சிலருக்குத் திறக்கவில்லை. சுற்றிச் சுற்றி நின்றுவிடும், அப்புறம் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்பதுபோல ஏதோ வரும், அவ்வளவுதான்.

எங்கள் வட்டத்தில் ஒரு பெண், அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அவளிடம் நான்தான் "உன் டேட்டா தீர்ந்திருக்கும், பார்" என்று சொன்னேன். அவள் கூடுதல் டேட்டா பேக் போட்டாள். திறக்கவில்லை. இரண்டாவது தடவையும் போட்டாள். அதற்கும் திறக்கவில்லை என்றதும் போனில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, பஜாரில் ஒரு செல்போன் கடையில் கொடுத்து, அவர்கள் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் பண்ணிக் கொடுத்தார்கள். அவள் ஏழெட்டு மாதமாக எடுத்து வைத்திருந்த குறிப்புகளின் படங்கள் அத்தனையும் போய்விட்டன. வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், நூலகத்து பிராட்பேண்டில் அந்தத் தளம் நன்றாகத் திறக்கிறது. வேறு ஒரு சிம் போட்ட போனிலும் திறக்கிறது. அவளுடைய சிம் எந்த நிறுவனமோ அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவர்கள் யாருக்குமே திறக்கவில்லை. வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டால் டவரில் வேலை நடக்கிறது, 24 மணி நேரத்தில் சரியாகும் என்றார்கள். மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் அதே பதில். மற்ற தளங்கள் எல்லாம் அதே போனில் திறக்கின்றனவே, அது எப்படி என்று கேட்டால் பதிலில்லை.

இது முடக்கமா? முடக்கம் என்றால் யார் முடக்கியது, யாரிடம் போய்க் கேட்பது? முடக்குவது சரியா தப்பா என்பதைக்கூட அப்புறம் பேசிக்கொள்ளலாம், முடக்கினால் முடக்கினோம் என்று ஒரு வரி சொல்ல மாட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கம்பிவடம் எழுதியது:

அக்கா, நான் கோவையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன், 11 வருடமாகிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் டவர் பழுது இல்லை. டவர் போனால் எல்லாம் போகும், ஒரு தளம் மட்டும் போகாது. அந்தத் தளத்தின் சர்வரே படுத்துவிட்டது என்றால் எந்த நெட்டிலும் திறக்காது, உங்களுக்கோ நூலகத்தில் திறக்கிறது. அதனால் உங்கள் போனுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரோ மறிக்கிறார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். முழு உறுதியாகச் சொல்லச் சில சோதனைகள் செய்ய வேண்டும், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

எப்படி மறிப்பார்கள் என்றால், பெரும்பாலும் இரண்டு வழி. முதல் வழி டிஎன்எஸ். நீங்கள் தளத்தின் பெயரைத் தட்டியதும் போன் முதலில் "இந்தப் பெயருக்கு என்ன எண் முகவரி?" என்று நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அந்த சர்வர் அப்படி ஒரு தளமே இல்லை என்று சொல்லிவிடும், இல்லாவிட்டால் தப்பான முகவரியைக் கொடுக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர் வழி கேட்கும்போது அப்படி ஒரு தெருவே இங்கே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவதுபோலத்தான். இதற்கு கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று வேறு டிஎன்எஸ்ஸை வைத்தால் பல நேரம் தளம் திறந்துவிடும்.

இரண்டாவது வழி இன்னும் ஆழம். இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது உள்ளே போய் வருவது பூட்டிய பெட்டி. ஆனால் இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் மட்டும் பூட்டில்லாமல் வெளியே தெரியும். அதற்கு எஸ்என்ஐ என்று பெயர். உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் படிக்க முடியாது, உறைமேல் எழுதிய விலாசத்தைப் படிக்கலாம் இல்லையா, அதுபோல. நடுவில் உட்கார்ந்திருக்கும் கருவி அந்தப் பெயரைப் பார்த்து, பட்டியலில் இருந்தால் உடனே இணைப்பை அறுக்கும் ஒரு சின்னச் செய்தியை அனுப்பிவிடும். உங்கள் போன் அதைத் தளமே அனுப்பியதாக நினைத்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' அதுவாக இருக்கலாம். இந்தியாவில் இப்படி நடக்கிறது என்பதை பெங்களூரைச் சேர்ந்த இணையம் மற்றும் சமூக ஆய்வு மையம் 2019-இலேயே சோதித்து எழுதியிருக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் முடக்கும் முறையும் வேறு, முடக்கும் தளங்களின் பட்டியலும் வேறு என்பதையும் அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு சிம்மில் திறந்து இன்னொன்றில் திறக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

"ஒரு வரி சொல்ல மாட்டார்களா" என்று கேட்டீர்களே, அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்மையாகவே இருக்கிறது. முன்பு எல்லாத் தளமும் வெறும் எச்டிடிபியில் இருந்த காலத்தில், முடக்கிய தளத்துக்குப் போனால் "தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவின்படி" என்று ஒரு பக்கம் வரும், நானே பார்த்திருக்கிறேன். எச்டிடிபிஎஸ்ஸில் நடுவில் இருப்பவர் தன் பக்கத்தைக் காட்ட முடியாது, காட்டினால் பிரௌசர் சான்றிதழ் பொருந்தவில்லை என்று கத்தும். அதனால் அறுத்துவிடுவதே எளிது என்று ஆகிவிட்டது. ஆனால் இதைச் சாக்காக ஏற்க எனக்கு மனமில்லை. பிரௌசரில் காட்ட முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்பலாம், நிறுவனத்தின் வலைப்பக்கத்தில் பட்டியல் போடலாம், வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காவது அந்தப் பட்டியலைக் கொடுக்கலாம். ரீசார்ஜ் முடியப் போகிறது என்று ஒரு நாளைக்கு நாலு செய்தி அனுப்பத் தெரிகிறது அல்லவா. சட்டக் காரணத்தால் ஒரு பக்கத்தைத் தர முடியவில்லை என்று சொல்வதற்கென்றே 451 என்ற எண் 2016-இல் இணையத் தரமாகவே வந்துவிட்டது.

சரி, சோதனை. ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு நெட்டில் திறந்து பார்த்து, வரும் பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிய வேண்டும். அப்புறம் திறக்காத போனில் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருக்கும், அதில் எண்ணுக்குப் பதிலாக dns.google என்ற பெயரைக் கொடுங்கள். மாற்றியதும் திறந்தால் முதல் வழி, அப்போதும் அறுந்தால் இரண்டாவது வழியாக இருக்கலாம். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஊனி புரோப் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது, தளத்தின் முகவரியைக் கொடுத்தால் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று சோதித்துச் சொல்லும். ஒன்று மட்டும் கவனம், அதன் முடிவுகள் உலகத்துக்கே தெரியும்படி வெளியாகும், எந்த நிறுவனத்தின் நெட் என்பது உட்பட. அது சரி என்றால் போடுங்கள்.


தெற்குத்தெரு எழுதியது:

விபிஎன் போடுங்கள் அக்கா, வேறு சர்வர் வழியாகச் சுற்றிப் போய்த் தளத்தைத் திறக்கும் செயலி, ஐந்து நிமிட வேலை. இந்தியாவில் விபிஎன் சட்டவிரோதம் இல்லை. எதற்கு இவ்வளவு சோதனை?


வைகைக்கரை எழுதியது:

தம்பி, எனக்கு மட்டும் என்றால் போட்டிருப்பேன். இருபது பிள்ளைகளுக்கு மாதம் காசு கட்டி விபிஎன் வாங்க முடியாது. இலவச விபிஎன்களில் ஒன்றை ஒரு பிள்ளை போட்டுப் பார்த்தாள், நிமிடத்துக்கு ஒரு விளம்பரம், அதுவும் பார்க்கக் கூசும் விளம்பரம். பிள்ளைகள் அதே போனில்தான் அம்மாவின் வங்கிக் கணக்கையும் பார்க்கிறார்கள். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு செயலியின் வழியாக எல்லாவற்றையும் அனுப்பச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.


கறுப்பங்கி மதுரை எழுதியது:

கம்பிவடம் சொன்னதற்கு மேல் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறேன், இது பொதுவான விளக்கம் மட்டும்.

ஒரு தளம் முடங்க மூன்று காரணம் இருக்கலாம். அரசின் உத்தரவு, நீதிமன்ற உத்தரவு, அல்லது நிறுவனம் தவறுதலாகவோ அளவுக்கு மீறியோ முடக்கியது. மூன்றுமே வெளியில் இருந்து பார்த்தால் ஒரேமாதிரிதான் தெரியும், அதுதான் கொடுமை.

அரசு உத்தரவு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் வரும். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும். அதற்கான விதிகள் 2009-இல் வந்தன. விதிப்படி தளம் நடத்துபவருக்கு நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 48 மணி நேரம் பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் இவற்றைப் பரிசீலிக்கும் குழுவின் முன் வைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி 16 என்று ஒன்று இருக்கிறது. வந்த புகார், எடுத்த நடவடிக்கை எல்லாவற்றையும் கடுமையான ரகசியமாக வைக்க வேண்டும் என்பது அது. வாசகர் கேட்டால் சொல்ல மாட்டார்கள், ஆர்டிஐ போட்டாலும் பெரும்பாலும் மறுப்புதான். நாடாளுமன்றத்தில் கேட்டால் எண்ணிக்கை மட்டும் சொல்வார்கள். 2018-இல் 2,799 இணைய முகவரிகள், 2020-இல் 9,849. அந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் எவை இருந்தன என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட 66ஏ பிரிவை ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றார்கள். ஏன் செல்லும் என்றால், உத்தரவில் காரணத்தை எழுத வேண்டும், பாதிக்கப்பட்டவர் ரிட் மனுவில் அதை எதிர்க்கலாம் என்று. உத்தரவே கையில் கிடைக்காமல் எதை வைத்து எதிர்ப்பது? ஒரு பத்திரிகையாளர் வரதட்சணையைக் கிண்டல் செய்து ஒரு தளம் நடத்தினார். 2018-இல் அது முடங்கியது. உத்தரவின் நகலை அவருக்குக் கொடுத்து அவர் தரப்பைக் கேளுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2022-இல். நான்கு வருடம்!

நம் ஊரிலேயே நடந்தது விகடன் விவகாரம். 2025 பிப்ரவரி 15 மாலையில் இருந்து அந்தத் தளம் பலருக்குத் திறக்கவில்லை. அன்று என் அலுவலகத்தில் ஆளாளுக்கு நெட்டைத்தான் குறை சொன்னோம். அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடனே அப்போது எழுதியது. பிரதமரைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று உத்தரவிட்டது. படம் சரியா தவறா என்பது தனி வழக்கு. ஒரு பக்கத்துக்காக, பல்லாண்டு எழுத்துகள் இருக்கும் மொத்தத் தளத்தையும் மூன்று வாரம் மூடியதை நான் ஏற்கவில்லை. அது விகடன் என்பதால் ஊரே பேசியது, வழக்குப் போட ஆளும் வசதியும் இருந்தது. பழைய பாடநூலை ஸ்கேன் செய்து போடும் ஒருவருக்கு யார் இருக்கிறார்கள்?

நீதிமன்ற வழியில் முடங்குவது பெரும்பாலும் திருட்டுப் பட வழக்குகளில். யார் என்று தெரியாத எதிரிகள் மேல் வாங்கும் உத்தரவு, 'அசோக் குமார் உத்தரவு' என்பார்கள். 2012-இல் தமிழ், தெலுங்குப் படங்களுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை அப்படியே மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும்தான் முடக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று ஜூன் மாதம் நீதிமன்றமே விளக்க வேண்டி வந்தது. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகக் கொடுத்த 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவும் மாட்டிக்கொண்டது. உலகத்தின் பழைய புத்தகங்களை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் ஒரு நூலகம், அதில் எத்தனை தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன தெரியுமா! உங்கள் தளமும் ஸ்கேன் புத்தகங்கள் வைத்திருப்பதால் இதுபோன்ற ஏதாவது பட்டியலில் சேர்ந்திருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது: நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், போனில் வேண்டாம், புகார் எண் வாங்குங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். தளம் நடத்துபவருக்கும் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள், பல நேரம் தம் தளம் முடங்கியிருப்பது அவர்களுக்கே தெரியாது. விஎல்சி பிளேயரின் தளம் 2022-இல் பல மாதம் இந்தியாவில் முடங்கிக் கிடந்தது. அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் நவம்பரில் திறந்தது.


ஆவாரம்பூ எழுதியது:

எல்லோரும் முடக்கத்துக்கு எதிராகவே எழுதுகிறீர்கள். நான் மறுபக்கம் சொல்லலாமா?

என் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். போனில் ரம்மி. முதலில் ஐநூறு ஆயிரம் ஜெயித்தான், எங்களுக்கெல்லாம் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். அப்புறம் சீட்டுப் பணம் போனது, அவன் மனைவியின் தோடு போனது, கடைசியில் எங்கள் அம்மா பெயரில் இருந்த டெபாசிட் போனது. மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன், அவன் மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தான், முகத்தில் அந்தப் போன் வெளிச்சம் மட்டும். அதை என்னால் மறக்க முடியாது.

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றபோது நான் சாமி கும்பிட்டேன். அந்த வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மி திறமை விளையாட்டு, அதைத் தடைசெய்த பகுதி செல்லாது என்று சொன்னபோது என் அம்மா அழுதார். பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று விதி வந்தது, 2025 ஆகஸ்டில் காசு வைத்து ஆடும் எல்லாவற்றுக்கும் நாடு முழுக்க மத்தியச் சட்டமே வந்தது. இன்னும் வெளிநாட்டுத் தளங்கள் பெயரை மாற்றி மாற்றி வருகின்றன. அவற்றை முடக்காமல் என்ன செய்வது? சொல்லிவிட்டுத்தான் முடக்க வேண்டும், 48 மணி நேரம் கொடுக்க வேண்டும் என்றால் அதற்குள் இன்னொரு பெயரில் வந்துவிடுவான். கருத்துச் சுதந்திரம் பேசுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கும் ஒரு தடவை வந்து பாருங்கள்.


கறுப்பங்கி மதுரை எழுதியது:

ஆவாரம்பூ, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார்? அந்தத் தளங்களை முடக்க வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. உடனே முடக்கட்டும்.

நான் கேட்பது முடக்கியதை வெளியே சொல்வது பற்றி. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடைசெய்தபோது அரசு பெயர்களைப் பட்டியலாகவே வெளியிட்டது, அன்று ராத்திரிக்குள் நாட்டுக்கே தெரிந்துவிட்டது. தடைசெய்த சூதாட்டத் தளங்களின் பெயரும் அப்படி வெளியே இருந்தால் உங்களுக்குத்தான் நல்லது. "இது தடைசெய்யப்பட்ட தளம்" என்று தம்பியின் போனில் வந்திருந்தால் வீட்டில் யாராவது ஒருவர் பார்த்திருப்பீர்கள். வெறுமனே திறக்காமல் போனால் நெட் கோளாறு என்று நினைத்து விபிஎன் தேடுவார்.

இன்னொன்று. காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. ஒரு மாவட்டத்துக்கே நெட்டை நிறுத்தினால் உத்தரவைக் காட்ட வேண்டும், ஒரு தளத்தை நிறுத்தினால் காட்ட வேண்டாமா? அந்த விதி 16 உள்ளிட்ட சில விதிகளை எதிர்த்த மனுவில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது.


முத்துநகர்வாசி எழுதியது:

2018 மே 23 முதல் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் நெட்டை நிறுத்தினார்கள், ஸ்டெர்லைட் போராட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள். எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் என்று தெரியாமல் ஆட்கள் வீடு வீடாக ஓடினார்கள். போனில் சிக்னல் முழுசாகக் காட்டியது, டேட்டா மட்டும் போகவில்லை. என் பெரியம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடியில் நடந்துகொண்டே இருந்தார், வெளியூரில் இருக்கும் மகனுக்கு ஒரு செய்தி போய்விடாதா என்று. உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று டிவியில் பார்த்துத்தான் சொன்னோம், அப்புறம்தான் கீழே இறங்கினார். இந்தத் திரியில் செங்கல் சூளைக்காரர் மகளைப் பற்றிப் படித்ததும் அவர் நினைவுதான் வந்தது.


பனைவடலி எழுதியது:

நான் யாழ்ப்பாணம். இந்தக் கதை எங்களுக்கு நல்லாத் தெரிந்த கதை தங்கச்சி.

2007 நடுப்பகுதியில் நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு நெட் கஃபேயில் வேலை செய்தேன். ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்க எங்கட சனம் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தைத்தான் திறப்பார்கள். அந்த ஜூன் மாதம் ஒருநாள் அது திறக்கவில்லை. வாற ஆட்கள் எல்லாம் "தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் சரியில்லை, வேறொன்று தா" என்று கேட்பார்கள். நானும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். லைனில் பிழை என்று முதலாளி சொன்னார், அவருக்கும் வேறு என்ன தெரியும். மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அது திறந்தது 2015 ஜனவரியில், ஆட்சி மாறின பிறகு. ஏழரை வருடம். பிறகு பிறகு சனம் கேட்கிறதையே விட்டுவிட்டது, அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம். இல்லாத ஒன்றாகவே ஆகிப்போனது.

இதோடு ஒப்பிட்டால் 2022 ஏப்ரல் 3 வேறு மாதிரி. பொருளாதார நெருக்கடி, ஊரடங்கு, நள்ளிரவில் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் நின்றது. ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு சொல்லித்தான் நிறுத்தினோம் என்று செல்போன் கம்பனிகள் வெளிப்படையாக அறிவித்தன. விடிந்ததும் நாடே கேள்வி கேட்டது, மனித உரிமைகள் ஆணைக்குழு கேட்டது, அன்று பின்னேரத்துக்குள்ளேயே திறந்துவிட்டார்கள். சொல்லிச் செய்தது ஒருநாள்கூட நிற்கவில்லை, சொல்லாமல் செய்தது ஏழரை வருடம் நின்றது. இரண்டையும் நான் என் கண்ணால் கண்டவன்.

2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மூடினபோது வதந்தி பரவக் கூடாது என்றார்கள், அதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது என்று நானும் நினைத்தேன். ஆனால் கனடாவில் இருக்கிற என்ர தங்கச்சி நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று அறிய அந்த வைபர் ஒன்றுதான் வழி. வெளிநாட்டு அழைப்புக்குக் காசு போட்டு எடுத்துச் சொன்னேன். இப்போது 2024-இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது இணையப் பதிவுகளுக்கான சட்டம் வந்திருக்கிறது, அந்தச் சட்டத்தின் ஆணைக்குழு பணித்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவை எடுக்க வேண்டும். அதில் எது எது எடுக்கப்படுகிறது என்று வாசிக்கிற எங்களுக்கு யார் சொல்வது?


ஆவாரம்பூ எழுதியது:

கறுப்பங்கி ஐயா, தம்பி இப்போது பரவாயில்லை. பட்டன் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், சம்பளத்தை அவன் மனைவி வாங்குகிறார். நீங்கள் சொன்ன பட்டியல் விஷயம் சரிதான். பெயர் வெளியே வந்தால் நானே எங்கள் தெருப் பெண்கள் குழுவில் போட்டிருப்பேன். ஆனால் முதலில் முடக்கட்டும், சொல்வது அதே நாளில் இருக்கட்டும். அதில் நான் மாற மாட்டேன்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாளாக நடந்ததை எழுதுகிறேன்.

கம்பிவடம் தம்பி சொன்னபடி மூன்று நெட்டில் ஒரே நேரத்தில் பார்த்தோம், பிள்ளைகளே செய்தார்கள், ஒரு நோட்டில் கட்டம் போட்டு நேரம் குறித்தார்கள். அந்த ஒரு நிறுவனத்தின் சிம்மில் டிஎன்எஸ் மாற்றியும் அறுந்தது. ஊனி புரோப்பிலும் போட்டோம், மற்ற இரண்டு நெட்டில் ஒன்றும் தடையில்லை, அந்த ஒன்றில் மட்டும் இணைப்புத் தொடங்கும் இடத்திலேயே துண்டிப்பு. போனை ரீசெட் பண்ணிய அந்தப் பெண் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்ப என் போன்ல ஒண்ணுமே இல்லையாக்கா?" ஒண்ணுமே இல்லைடா என்றேன்.

தளம் நடத்துகிறவருக்கு எழுதினேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் நடத்துகிறார். பார்வையாளர்கள் திடீரென்று பாதியாகக் குறைந்ததை அவரும் கவனித்திருக்கிறார், தேர்வு முடிந்ததால் ஆள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாராம். எந்த நோட்டீஸும் அவருக்கு வரவில்லை. எங்கள் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து அவரும் எழுதுகிறேன் என்றிருக்கிறார். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கிவிட்டேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன், மேல்முறையீட்டுக்கும் போவேன்.

அழிந்துபோன குறிப்புகளை மற்ற பிள்ளைகள் தங்கள் நோட்டிலிருந்து படமெடுத்து அவளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், பாதி சேர்ந்துவிட்டது. நேற்று அவளே நூலக அறிவிப்புப் பலகையில் தளத்தின் பெயரை எழுதி, அதற்குக் கீழே எந்த சிம்மில் திறக்காது, எதில் திறக்கும் என்று எழுதி, "உங்கள் போனில் பழுது இல்லை, ரீசார்ஜ் செய்ய வேண்டாம்" என்று சிவப்புச் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.